குறைகளை ஒரே தடவையில் சொன்னால் என்ன?

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் டில்லித் தமிழர்களுக்கு எல்.டி.சி. பில்லைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு வந்து, டிக்கெட்டுகளை இணைத்து, பாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்புகிறோம். பத்து நாள் கழித்து, "திரும்பிய தேதி குறிக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடு பில் திரும்பி வருகிறது. தேதியை எழுதி அனுப்பினால், அடுத்த பத்தாவது நாள் "மனைவியின் வயது விடுபட்டுள்ளது" என்று வருகிறது. அதையும் எழுதி அனுப்பினால், "இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை" என்று மறுபடியும் திரும்புகிறது. மூன்று குறைகளும் முதல் நாளே அந்தக் காகிதத்தில் இருந்தவைதாம். முதல் நாளே மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பில் என்றோ பாஸாகியிருக்கும். அனுப்பியவருக்கு மட்டுமல்ல, திருப்பியவருக்கும் வேலை மிச்சம்.

காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் இந்தத் தொல்லை ஒழியும் என்று பலரும் நம்பினோம். ஆனால் சேமநல நிதியா, பாங்க் கணக்கா, ரயில் டிக்கெட்டா, எதற்குப் போனாலும் இப்போது முதலில் கேட்கப்படுவது பாஸ்வேர்ட், அதாவது கடவுச்சொல். 'கடவு' என்றால் வழி. வழி விடும் சொல் என்பதால் அந்தப் பெயர். அந்தச் சொல்லைப் புதிதாக ஏற்படுத்திக்கொள்ளும் இடத்தில்தான் பழைய பில் கதை மறுபடியும் நடக்கிறது. ஒரு முறை, இரு முறை, மூன்று முறை திருப்பி அடிக்கிறது. ஏன் என்று மட்டும் சொல்வதில்லை.

இதை ஒரு சின்ன அசௌகரியம் என்று நானும் நினைத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் ராமகிருஷ்ணாபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் கண்டதும் கேட்டதும் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன.

ஓக்லா அன்பரின் கவலை

நண்பர் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். அன்று அவருடைய ஊர்க்காரர் ஒருவரும் வந்திருந்தார். ஓக்லாவில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வேலை. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தம் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு இணையதளத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. எந்த இணையதளம் என்பது இங்கே முக்கியமல்ல. இப்படிப்பட்டவை பல உண்டு.

"செல்போன்ல நானே மூணு நாள் முயற்சி பண்ணினேன், அண்ணே. ஒவ்வொரு தடவையும் 'இன்வாலிட்'னுதான் வருது. என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்கலாம். இங்கிலீஷு எனக்கு அவ்வளவா வராது. இந்தி பேசுவேன், படிக்க வராது. என்னதான் செய்யறது?" என்றார்.

கடைசியில் தம் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சைபர் கஃபேக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் அரை நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிட்டார். இவருடைய பெயரை முதல் எழுத்து பெரியதாகப் போட்டு, பின்னால் ஒரு '@', அதன் பின்னால் 123. கணக்கு திறந்துவிட்டது. கடைக்காரர் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று அந்தச் சொல்லைத் தம் நோட்டில் குறித்துவைத்துக்கொண்டார். அந்த நோட்டின் பக்கம் முழுவதும் அப்படிப்பட்ட பெயர்களாம்.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நோட்டு கடையில் கிடக்கிறது. கடைக்குப் பல பேர் வருகிறார்கள். பதினோரு வருஷச் சேமிப்பின் சாவி ஒரு கடையின் மேஜைமேல் கிடக்கிறதே என்பதுதான் இந்த அன்பரின் கவலை. இத்தனைக்கும் காரணம் என்ன? என்ன தவறு என்று அவருக்குப் புரியும்படி ஒரு வரி சொல்லப்படவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் அவர் கடைக்கே போயிருக்க மாட்டார்.

மகளின் வீட்டுப்பாடம்

நண்பரின் மகள் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புக் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இப்போது பைதான் மொழிதான் பாடம். பைதான் என்றதும் மலைப்பாம்பு என்று பயப்பட வேண்டாம். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குய்டோ வான் ரோஸம் என்பவர் 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது எழுதத் தொடங்கி, 1991-ல் வெளியிட்ட மொழி அது. பி.பி.சி. டெலிவிஷனில் வந்த 'மான்டி பைதான்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை ரசித்தவர் அவர். பெயர் அங்கிருந்து வந்தது.

இந்தப் பெண்ணுக்கு அன்று வீட்டுப்பாடம், நம்முடைய விஷயமேதான். ஒருவர் கடவுச்சொல்லைத் தட்டினால், அது சரியா என்று பார்த்து, தவறானால் செய்தி காட்டும் புரோகிராம் எழுத வேண்டும். விதிகள் மூன்று. எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரு எண்ணாவது இருக்க வேண்டும். ஒரு பெரிய எழுத்தாவது இருக்க வேண்டும்.

அவள் எழுதியிருந்தாள். பைதானில் 'லென்' என்ற சொல் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும். 'இஸ்டிஜிட்' என்பது எண்ணா என்று கேட்கும். 'இஸ்அப்பர்' பெரிய எழுத்தா என்று கேட்கும். 'இஃப்' என்று தொடங்கி ஒவ்வொரு விதியாகப் பார்க்க வேண்டும். விதி தவறினால் 'ரிட்டர்ன்' என்று எழுதி 'இன்வாலிட்' என்ற செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். 'ரிட்டர்ன்' வந்ததும் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த விதியைப் பார்க்காது.

நண்பர் மகளின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதென்னம்மா, 'ரிட்டர்ன்'? முதல் தப்பைப் பார்த்ததும் திருப்பிடுமா? எங்க ஆபீஸ் பில் மாதிரியே இருக்கே!" என்றார்.

அவள் சிரித்தாள். ஆனால் ஓக்லாக்காரர் சிரிக்கவில்லை. "ஆமாம்மா, எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார்.

புரோகிராமை மாற்றி எழுதுவது என்று முடிவாயிற்று.

குறைகளின் பட்டியல்

மாற்றம் சிறியது. முதலில் ஒரு காலிப் பட்டியல். அதற்கு அவள் 'குறைகள்' என்று தமிழிலேயே பெயர் வைத்தாள். 2008-ல் வந்த பைதான் மூன்றாம் பதிப்பு முதல், புரோகிராமுக்குள் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம். பிறகு ஒவ்வொரு விதியாகப் பார்ப்பது. விதி தவறினால் திருப்பி அனுப்பாமல், 'அப்பெண்ட்' என்ற சொல்லால் அந்தக் குறையைப் பட்டியலின் அடியில் சேர்ப்பது. மூன்று விதிகளையும் பார்த்து முடித்த பிறகு கடைசியில் ஒரே கேள்வி: பட்டியல் காலியா? காலியானால் ஏற்றுக்கொள். இல்லையானால் பட்டியலில் உள்ள அத்தனையையும் வரிசையாகக் காட்டு.

அடுத்தது செய்தியின் வாசகம். 'இன்வாலிட்' என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுதினார்கள்:

"6 எழுத்துத்தான் இருக்கிறது. இன்னும் 2 எழுத்துச் சேர்க்கவும்."

"ஒரு எண்ணாவது வேண்டும். உதாரணம்: 4, 7."

"ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்று வேண்டும். உதாரணம்: தொடக்கத்தில் வருவது போல."

கவனித்தீர்களா? எது குறை என்பதோடு, எப்படித் திருத்துவது என்பதும் அதே வரியில் இருக்கிறது. நல்ல செக்‌ஷன் குமாஸ்தா எழுதும் குறிப்பு இப்படித்தான் இருக்கும். "ஒழுங்காக இல்லை" என்று எழுத மாட்டார். "மூன்றாம் பத்தியில் தேதி விடுபட்டது, 12-ஆம் தேதி என்று சேர்க்கவும்" என்று எழுதுவார்.

இன்னொன்று: செய்தியில் எதைச் சொன்னாலும், ஒருவர் தட்டிய கடவுச்சொல்லை மட்டும் திருப்பிக் காட்டக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடுவார். 'இன்புட்' என்ற சொல்லால் கேட்டால் தட்டுவதெல்லாம் திரையில் தெரியும். அதற்குப் பதிலாக, பைதானோடு கூடவே வரும் 'கெட்பாஸ்' என்ற பகுதியைப் பயன்படுத்தினால் திரையில் ஒன்றும் தெரியாது. கூட்டமான இடத்தில் இது அவசியம்.

தமிழ் எழுத்து வந்தால்?

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ஓக்லாக்காரர், "தமிழ்லயே கடவுச்சொல் வெச்சா என்னம்மா?" என்று கேட்டார். அவள் 'தமிழ்' என்று தட்டினாள். மூன்று எழுத்துத்தானே? 'லென்' ஐந்து என்றது!

காரணம் இதுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோட் முறையில் த, ம, ழ ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இடம். 'மி'யில் உள்ள இகரக் கொம்புக்கு ஒரு தனி இடம். 'ழ்' மேல் உள்ள புள்ளிக்கு இன்னொரு தனி இடம். ஆக மொத்தம் ஐந்து. பைதான் எண்ணுவது இந்த இடங்களைத்தான், நாம் வாயால் சொல்லும் எழுத்துகளை அல்ல.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்தது. 'இஸ்ஆல்ஃபா' என்று ஒரு சொல் உண்டு. எல்லாம் எழுத்துகள்தாமா என்று கேட்கும். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'இல்லை' என்கிறது! கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' என்ற வகுப்பில் சேர்க்கப்படவில்லை. 'குறி' என்ற வகுப்பில் இருக்கின்றன. ஆகவே "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்" என்று நினைத்து இந்தச் சொல்லைப் போட்டுப் புரோகிராம் எழுதுபவர், தமது ஊர்ப் பெயரையே தமிழில் எழுத முடியாமல் செய்துவிடுகிறார். அவருக்குத் தெரியாமலே நடப்பது இது.

'கொ' என்ற எழுத்தில் வேறொரு சிக்கல். அதைக் 'க'வுக்குப் பின் ஒரே குறியாகவும் எழுதி வைக்கலாம். முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என்று இரண்டாகவும் எழுதி வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விதமாகவும் செல்போனில் வேறு விதமாகவும் பதிவானால், சரியான சொல்லைத் தட்டியும் "தவறு" என்று வரும். பைதானோடு வரும் 'யூனிகோட் டேட்டா' என்ற பகுதியில் 'நார்மலைஸ்' என்று ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு வரி வேலை. அதைச் செய்யாதவரை, ஆங்கில எழுத்திலேயே தமிழ்ச் சொற்களை எழுதிக் கடவுச்சொல் வைப்பது நமக்குப் பத்திரம்.

வாசலில் அதிகம் பேசக் கூடாது

இதுவரை சொன்னது புதுக் கடவுச்சொல் ஏற்படுத்தும் இடத்துக்கு. ஏற்படுத்திய பிறகு, தினமும் உள்ளே நுழையும் இடத்தில் சட்டம் நேர்மாறு.

நமது காலனி வாசலில் சௌகிதார் நிற்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் வந்து ஒரு பெயரைச் சொல்லி, இன்னார் வீட்டுக்கு இதுதான் சாவி என்று ஒரு சாவியைக் காட்டுகிறான். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றோ, "அவர் இருக்கிறார், ஆனால் இது அவர் வீட்டுச் சாவி இல்லை" என்றோ சௌகிதார் பதில் சொன்னால், வந்தவனுக்கு அரை வேலை முடிந்துவிடுகிறது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துகொண்டு, இருப்பவர் வீட்டுக்கு மட்டும் வேறு சாவிகளைப் போட்டுப் பார்ப்பான். விவேகமுள்ள சௌகிதார், "உள்ளே விட முடியாது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆகவே நுழையும் இடத்தில், "பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை" என்று மட்டும் காட்டுவதுதான் முறை. எது பொருந்தவில்லை என்று பிரித்துச் சொல்லக் கூடாது. பல இணையதளங்கள் இதையே தலைகீழாகச் செய்கின்றன. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன. மூட வேண்டிய இடத்தில் பேசுகின்றன.

எத்தனை முறை தவறினால் நிறுத்துவது என்பதும் இங்கே முக்கியம். ஏ.டி.எம். இயந்திரத்தில் ரகசிய எண்ணைத் திரும்பத் திரும்பத் தவறாகப் போட்டால் கார்டு முடங்குவதை அறிவோம். இல்லாவிட்டால் திருடன் ஒன்றிலிருந்து தொடங்கி எல்லா எண்களையும் போட்டுப் பார்ப்பான். ஆனால் முடக்கினால், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி முயலலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கணக்குக்கு உரியவர் செய்வதறியாமல் தவிக்கக் கூடாது.

புரோகிராமே உள்ளுக்குள் இடறி விழுந்தால் பைதான் 'டிரேஸ்பேக்' என்று பல வரிகளைக் கொட்டும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அது புரோகிராம் எழுதியவருக்கு உபயோகம், பொதுஜனத்துக்கு அல்ல, திருடனுக்கோ வீட்டின் வரைபடம். 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்ற இரண்டு சொற்களால் அதைப் பிடித்து, விவரத்தை உள்ளே பதிவேட்டில் எழுதிக்கொண்டு, வெளியே "சற்று நேரம் கழித்து முயலவும்" என்று காட்டுவதுதான் ஒழுங்கு.

வெளியே தெரிந்த ரகசியங்கள்

தவறான இடத்தில் தவறான செய்தி தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடவுச்சொல்லின் ஆரம்ப காலத்திலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1961-ல் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டினார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமலிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் என்று அங்கே வைத்தார்கள். 1960-களின் நடுவில் ஒரு நாள், தினசரி அறிவிப்பை எழுதும் கோப்பும் எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பும் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வேலை செய்ததில் நேர்ந்த குழப்பம் என்று கார்பட்டோவே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடவுச்சொற்களை அப்படியே எழுதிவைத்தால், என்றாவது ஒரு நாள் அவை வெளியே வந்துவிடும். ஆகவே அரைத்து வைக்க வேண்டும். அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? பைதானில் 'ஹாஷ்லிப்' என்ற பகுதி இந்த அரைக்கும் வேலையைச் செய்யும். நாளைக்கு நீங்கள் சொல்லைத் தட்டும்போது அதையும் அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுவார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்தாலும் மாவு வேறாக இருக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஏதோ எழுத்துகளைக் கலப்பார்கள். அதற்குப் பெயரே 'உப்பு'! 2009-ல் 'ராக்யூ' என்ற நிறுவனம் இப்படி அரைக்காமல் வைத்திருந்த 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் வெளியே போயின. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்த சொல் 123456.

உங்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகத் தெரிவித்ததும், பழைய சொல்லையே ஒரு இணையதளம் உங்களுக்கு அனுப்பிவைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அதை அரைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விதி எழுதியவரே வருந்தினார்

இங்கே ஓக்லா அன்பரின் கதைக்குத் திரும்ப வேண்டும். கடைக்காரர் வைத்துக் கொடுத்த சொல்லை, பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பெண்ணின் புரோகிராமில் போட்டுப் பார்த்தோம். எட்டு எழுத்துக்கு மேல் இருந்தது, எண் இருந்தது, பெரிய எழுத்து இருந்தது. குறைகளின் பட்டியல் காலி! பெயர் தெரிந்த எவனும் இரண்டாவது முயற்சியில் கண்டுபிடிக்கக்கூடிய சொல்லை, விதிகள் மூன்றும் கைதட்டி வரவேற்றன.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமல்ல. பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் இருவரும் 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவிகிதம், மிகச் சிறியவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் உள்ளவையாகவோ இருந்தன. மனிதர் ஞாபகம் வைத்துக்கொள்ள எளிதானதைத்தான் தேர்ந்தெடுப்பார்; எந்த நாட்டிலும் அப்படித்தான்.

அதைத் தடுக்க, பெரிய எழுத்து, எண், குறி என்ற கலவை விதிகளையும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதியையும் பிரபலமாக்கியது அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. அந்தப் பகுதியை எழுதியவர் பில் பர். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முதல் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். கடைசியில் 1 அல்லது 123 சேர்த்தார்கள். மாற்றச் சொன்னால் 1-ஐ 2 ஆக்கினார்கள். தாம் எழுதியதில் பெரும் பகுதிக்காக இப்போது வருந்துவதாக, ஓய்வு பெற்ற பிறகு 2017-ல் அவரே பத்திரிகைப் பேட்டியில் சொன்னார்.

அதே வருஷம் அந்தக் கழகம் வழிகாட்டியைத் திருத்தியது. 2025-ல் மறுபடியும் திருத்தியது. இப்போது அது சொல்வதன் சாரம்: கலவை விதிகளைத் திணிக்காதே; காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே; நீளத்தைக் கேள். கடவுச்சொல் ஒன்றே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து. இரண்டாவது சரிபார்ப்பும் இருந்தால் குறைந்தது 8. எல்லாரும் வைக்கும் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இருந்தால் மறுத்துவிடு. அப்படி மறுத்தால் ஏன் மறுத்தாய் என்ற காரணத்தைக் கட்டாயம் சொல். ஆம், காரணம் சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல. அது பாதுகாப்பு விதியிலேயே ஒரு பகுதி!

பெண் தன் புரோகிராமில் நான்காவது விதியைச் சேர்த்தாள். 123456 போன்ற பிரபலமான சொற்களின் பட்டியல் ஒன்று, பைதானில் 'இன்' என்ற ஒரே சொல்லால், "இது அந்தப் பட்டியலில் உள்ளதா?" என்று கேட்டுவிடலாம். சொல்லுக்குள் அவரவர் பெயர் இருக்கிறதா என்றும் அதே 'இன்' கேட்கும். செய்தி: "உங்கள் பெயர் இதில் இருக்கிறது. எளிதில் ஊகித்துவிடுவார்கள். வேறு சொல் வைக்கவும்." கடைக்காரரின் சொல் இந்தத் தடவை தோற்றது.

நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

லோதி ரோடு சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ் நமக்குத் தெரிந்த இடம். சர்க்கார் இணையதளங்கள் பலவற்றை அமைத்துத் தரும், 1976-ல் தொடங்கப்பட்ட, தேசியத் தகவலியல் மையம் அங்கேதான் இருக்கிறது. அங்கேயும், நொய்டாவிலும் குருகிராமிலும் உள்ள கம்பெனிகளிலும் தமிழ் இளைஞர்கள் ஏராளமாகப் புரோகிராம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். செய்திகளைப் புரோகிராமுக்குள் புதைத்துவிடாமல், தனிப் பட்டியலாக ஒரு இடத்தில் வைத்தால் இந்தி, ஆங்கிலம், தமிழ் என்று வேண்டிய மொழியில் மாற்றிக்கொள்ளலாம். பத்து வரிகளைத் தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பத்து வரி இல்லாததால்தான் ஒரு தொழிலாளி தம் சாவியை அடுத்தவர் நோட்டில் எழுதக் கொடுக்கிறார்.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்பவர்கள் தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அமலுக்கு வர ஏற்பாடாயிற்று.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பிறர் கையால் கடவுச்சொல் வைக்க நேர்ந்தால், வீடு திரும்பிய அன்றே மாற்றிவிடுங்கள். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். இணையதளம் எண்ணும் குறியும் கேட்டால் நடுவில் எங்காவது சேருங்கள். பாங்குக்கு வைத்ததை வேறு எதற்கும் வைக்காதீர்கள். ஞாபகம் இருக்காது என்றால் ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பது, கடைக்காரரின் நோட்டைவிட எவ்வளவோ மேல். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

அன்று மாலை ஓக்லா அன்பர் பெண்ணின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் திரும்பி நின்றுகொண்டோம். முதல் தடவை தட்டியதும் திரையில் இரண்டு குறைகள், இரண்டும் தமிழில். அவரே வாய்விட்டுப் படித்தார், திருத்தினார். இரண்டாம் தடவை பட்டியல் காலி. பிறகு தம் செல்போனை எடுத்து, அந்த இணையதளத்துக்குப் போய், கடைக்காரர் வைத்ததை மாற்றினார்.

"இனிமே அந்த நோட்டு அங்கேயே கிடக்கட்டும், அண்ணே" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். புதுச் சொல் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.